ரெமிஜியுஸ் இன்றும் வந்தான்

ஜூன் 3, திங்கள்

ரெமிஜியுஸ் இன்றும் வந்தான். இவருக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு அப்போதுதான் துணியை ஊறப்போட்டேன். கேட்டைத் தட்டாமல் திறந்து, செருப்போடு வராந்தா வரைக்கும் வந்து, "மதினி, ஆசீரு முழிச்சிருக்கானா?" என்று கேட்டான். அந்தக் குரலுக்கு மில்லர்புரம் முழுவதும் முழித்திருக்கும்.

இந்த டைரி டாக்டர் சொல்லி ஆரம்பித்தது. இவர் என்ன சாப்பிட்டார், காய்ச்சல் உண்டா, வயிறு வீங்குகிறதா என்று தினமும் குறித்து வரச் சொன்னார். இவருக்குக் கல்லீரலில் புற்று. மதுரையில் பார்த்துவிட்டு, அறுத்து எடுக்க வழியில்லை, மாத்திரையோடு வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு நாசரேத்தில் என் தங்கை வீட்டுக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். போவதாக இருந்தால் இப்போதே போய் வந்துவிடுங்கள் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நோயாளியைக் கெடுக்கும் காரணங்களையும் குறிப்பதுதான் முறை. ஆகவே ரெமிஜியுஸைப் பற்றியும் எழுதுகிறேன். இவரும் அவனும் பள்ளியில் ஒரே பெஞ்சு. இவர் படித்து மின்வாரியத்துக்குப் போனார். அவன் படிக்காமல் தோணிக்குப் போனான். போய்ப் போய் தண்டலாகி, தோணியை அவனே நடத்தி, மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு கொண்டு போய்க்கொண்டிருந்தான். இப்போது வயதாகிக் கரையேறிவிட்டான். மனைவி இல்லை. மகன் கத்தாரில். பொழுது போகாதவனுக்கு எங்கள் வீடு.

அவன் போன பிறகு தலையணை உறையை மாற்றினேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய வறுத்த நெத்திலி. உப்பும் மிளகாயும் அப்பிக் கிடந்தது. வயிற்றில் நீர் கோத்த மனிதருக்கு உப்பு கூடவே கூடாது. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன்.

"நீந்தி வந்திருக்கும்" என்றார் இவர்.

ஓய்வு பெறும்வரை பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். ஒரு முறைப்பில் மைதானத்தையே வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு கிழவர்களை நிறுத்த முடியவில்லை.

ஜூன் 5, புதன்

காய்ச்சல் இல்லை. காலையில் ஒரு இட்லி. மதியம் ரசம் சாதம், கொஞ்சம். ரெமிஜியுஸ் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. இவர் அடிக்கடி வாசலைப் பார்த்தார். காற்றுக்காக இருக்கும்.

ஜூன் 8, சனி

உள்ளே ஒரே சிரிப்பு. இவர் சிரித்துச் சிரித்து இருமினார். நான் கஞ்சியோடு போனதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள், வகுப்புக்குள் டீச்சர் நுழைந்த மாதிரி. என்ன விஷயம் என்றேன். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு சிரிப்பு? இருமல் நோயாளிக்கு நல்லதல்ல.

கஞ்சி ஆறிவிட்டது என்று திரும்பக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். மறுபடி சிரிப்பு ஆரம்பித்தது. அடுக்களையிலிருந்து வார்த்தைகள் சரியாகக் கேட்காது. கொஞ்ச நேரம் நின்றேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

வெயில் தாழ்வதற்குள் அவன் கிளம்பிவிடுவான். தினமும் இதுதான். சாயங்காலம்தான் இவருக்கு வலி கூடும், வாந்தி வரும். சிரிப்பு அவன் பங்கு. சட்டி என் பங்கு.

ஜூன் 13, வியாழன்

பக்கத்து வீட்டு டெய்சி காரில் கூப்பிட்டாள் என்று சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போய்வந்தேன். தான் பார்த்துக்கொள்வதாக ரெமிஜியுஸ் சொன்னான். திரும்பி வந்தால் என் ஸ்கூட்டர் வேறு பக்கம் பார்த்து நிற்கிறது. சக்கரத்தில் கடற்கரை மணல்.

மணல் எப்படி வந்தது என்று கேட்டேன். காற்றில் வந்திருக்கும் என்றான் ரெமிஜியுஸ். ஸ்கூட்டர் திரும்பி நிற்பதும் காற்றாலா என்று கேட்டேன். ஆனி பிறக்கப் போகிறது, பலமான காற்று என்றான். இவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். போர்வை குலுங்கியது.

ஜூன் 20, வியாழன்

இன்று கூட்டம் சீக்கிரம் முடிந்தது. வீடு திறந்து கிடக்கிறது. இவரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்தது. இவர் உள்ளே, சட்டையெல்லாம் மண், வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். பின்னால் என் ஸ்கூட்டரில் ரெமிஜியுஸ்.

இவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து என் பின்னால் உட்கார்ந்துதான் வருவார். பொம்பளை ஓட்ட ஆம்பளை பின்னால் வருகிறான் என்று சிரித்தவர்கள் உண்டு. இவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். இந்த நிலையில், இந்த வயதில், பீச் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையில் ரெமிஜியுஸ் இவருக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். ஆனால் இவருக்கு இரத்தம் சீக்கிரம் உறையாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்கடியில் இரத்தம் கட்டி, கை கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. இரண்டு நாள் இருந்து பார்க்கச் சொன்னார்கள். கட்டிலில் படுக்க வைத்த பிறகு, எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆயுசு பூரா உன் முதுகப் பாத்துக்கிட்டேதான் ஊரச் சுத்தியிருக்கேன், எப்சி. எங்க திரும்பணும்னு ஒருவாட்டியாவது நானா முடிவு பண்ணணும்னு தோணிச்சி."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். போர்வையை இழுத்துவிட்டேன்.

வெளியே வந்தேன். ரெமிஜியுஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"உங்க சம்சாரம் சாகும்போது நீங்க மாலத்தீவுல இருந்தீங்க" என்றேன். "சீக்காளிய வச்சிப் பாக்கதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவன் சட்டைப் பையைத் தடவினான். என் ஸ்கூட்டர் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்து போனான். சொன்னது சரிதான்.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். சர்ச்சுக்குப் போகவில்லை. ரெமிஜியுஸ் வரவில்லை. சொன்னது சரிதான்.

ஜூன் 29, சனி

இவரைப் போல ஒரு நோயாளி கிடைக்கமாட்டார். எழுந்திருங்கள் என்றால் எழுந்திருக்கிறார். சாப்பிடுங்கள் என்றால் வாயைத் திறக்கிறார். உப்பில்லாத கீரையை மறுக்காமல் சாப்பிடுகிறார். எதற்கும் "சரி எப்சி". நர்ஸ் மரகதம் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பாள். இன்று வந்தவள், ஐயா ரொம்ப அமைதியாகிவிட்டாரே என்றாள். அமைதிதானே வேண்டும் என்றேன்.

மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சுவரில் ஒன்றும் இல்லை. காலண்டரைக் கொண்டுவந்து அங்கே மாட்டினேன்.

ஜூலை 4, வியாழன்

பேப்பரில் வந்த சிரிப்புத் துணுக்கு ஒன்றைப் படித்துக் காட்டினேன். நல்லாருக்கு என்றார். இன்னொன்று படித்தேன். இதுவும் நல்லாருக்கு என்றார். மாவட்டப் போட்டி அணிவகுப்பில் கலெக்டர் முன்னால் நான் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னேன். இவரிடம் இதுவரை சொல்லாத கதை. முழுவதும் கேட்டுவிட்டு, "அடி பலமா?" என்றார்.

மதியம் மீன் குழம்பில் டாக்டர் சொன்னதற்கு மேலேயே உப்புப் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு கூடிட்டு எப்சி. டாக்டர் திட்டுவாரு."

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினேன். கழுவிய பாத்திரங்களையும் கழுவினேன்.

ஜூலை 6, சனி

டெய்சியை இவரோடு உட்காரச் சொல்லிவிட்டு திரேஸ்புரம் போனேன். ரெமிஜியுஸ் வீட்டுக்கு நான் போவது அவன் மனைவி ஸ்டெல்லா இறந்தபோது போனதற்குப் பிறகு இதுதான் முதல் முறை. ஒற்றை அறை. ஸ்டெல்லாவின் படத்துக்குச் சிவப்பு பல்பு போட்டிருக்கிறான். வாசலில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். முகம் சவரம் செய்யவில்லை.

"இவுக நான் சொன்னதெல்லாம் மறுக்காம கேக்காவ" என்றேன்.

"அது நல்லதுதான மதினி."

"நல்லதில்ல."

அவன் கடலைப் பார்த்தான். வீட்டுக்கு வரும்படி சொன்னேன். வரமாட்டேன் என்றான். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் உட்கார விருப்பமில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம்தான்" என்றான் பிறகு. "சீக்காளியப் பாக்க எனக்குத் தெரியாது. வலி வார நேரம் ஆச்சின்னா எனக்கு அங்க கால் நிக்காது. அதான் பொழுது சாயுமுன்ன ஓடிருவேன். ஸ்டெல்லாவுக்கு கடைசில என்ன செஞ்சிதுன்னு இன்னைய வரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல மதினி. சிரிக்க வைக்கத்தான் எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்கு என்ன செய்தது என்று. நானும் அங்கே இருந்தேன். இப்போது சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"தெரியலன்னா படிச்சிக்கிடணும். நாளைக்கி காலைல ஆறு மணிக்கு வாங்க. செருப்ப வெளிய கழட்டணும்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று டெய்சி நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது.

ஜூலை 7, ஞாயிறு

ஆறு மணி என்றால் இருட்டோடு வந்து கேட்டில் நிற்கிறான். செருப்பைத் தெருவிலேயே கழற்றியிருந்தான். இவர் கட்டிலிலிருந்து அவனைப் பார்த்து, "ஏல, செத்துப் போயிட்டன்னு நெனச்சேன்" என்றார். "நீ முந்துவன்னு காத்துக் கெடந்தேன்" என்றான் அவன். இப்படிப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

ஜூலை 11, வியாழன்

இவ்வளவு மோசமான மாணவனை நான் பார்த்ததில்லை. பெட்பேனைத் தலைகீழாக வைக்கிறான். உடம்பு துடைக்கச் சொன்னால் தோணித் தளத்தைத் தேய்ப்பது போலத் தேய்க்கிறான். இவருக்கு வேட்டி கட்டிவிட்டான், அவசரத்துக்கு அவிழ்க்க முடியவில்லை. கப்பல் முடிச்சு. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினேன். நல்ல வேட்டி.

அதோடு விடவில்லை. பையிலிருந்து மாதா படத்தை எடுத்து இவருடைய தலைமாட்டில் வைத்தான். நாங்கள் சி.எஸ்.ஐ., எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது என்று எடுத்தேன். மாதாவுக்கு சி.எஸ்.ஐ.காரர்மேல் கோபம் கிடையாது என்று மறுபடி வைத்தான். எடுத்தேன். வைத்தான். உங்கள் மாதாவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வீட்டில்தான் ஏற்கெனவே இருக்கிறாரே, இது இந்த வீட்டுக்கு என்றான்.

ஒரு சத்தம் கேட்டது. வலியில் முனகுகிறார் என்று திரும்பினேன். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. எங்கள் இருவரையும் பார்த்துத்தான் சிரித்தார். நாங்கள் நிறுத்திவிட்டோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார். "எடு எப்சி. நீ எடுத்தாத்தான அவன் வைப்பான்."

படத்தை எடுத்தேன்.

ஜூலை 18, வியாழன்

காலையிலிருந்தே வலி. மரகதம் வந்து ஊசி போட்டாள். அது பிடிக்க நேரமானது. ரெமிஜியுஸுக்குக் கால் நிற்கவில்லை, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். வெயில் தாழ்ந்தது. செருப்பைப் பார்த்தான். ஆனால் போகவில்லை. இவர் வாந்தி எடுத்தபோது சட்டியை அவன்தான் பிடித்தான். முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அதைக் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, நான் சொல்லாமலே டெட்டால் ஊற்றி வைத்தான்.

அதன் பின் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பேசத் தெம்பில்லை. இவர் கண்ணைத் திறந்து அவனையும் என்னையும் பார்த்தார்.

"என்ன, சத்தத்தையே காணோம்."

நான் ரெமிஜியுஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மதினி வைத்த ரசத்தைத் தோணியின் ஓட்டையை அடைக்கத்தான் பயன்படுத்த முடியும் என்று ஆரம்பித்தார். ரசத்தால் எப்படி ஓட்டையை அடைக்க முடியும், மூளை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். ஊசி மருந்தின் நெடி.

இவர் சிரித்தபடியே தூங்கிவிட்டார். தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம், நல்ல தூக்கம் வரட்டும் என்று.

ஜூலை 23, செவ்வாய்

இதை டாக்டருக்குக் காட்டப்போவதில்லை.

இன்று வலி குறைவு. வெளியே போக வேண்டும் என்றார் இவர். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். இவர் ஸ்கூட்டரைப் பார்த்தார். நான் ஓட்ட, இவரை நடுவில் வைத்து, பின்னால் ரெமிஜியுஸ் அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு வண்டியில் மூன்று பேர் போகக்கூடாது என்று சாலைப் பாதுகாப்பு வாரத்தில் மாணவிகளுக்குச் சொற்பொழிவே ஆற்றியவள் நான்.

எங்கே போக வேண்டும் என்றேன். தெரியாது என்றார். என் இடது தோளைத் தட்டினால் இடது பக்கம், வலது தோளைத் தட்டினால் வலது பக்கம். அதுதான் ஏற்பாடு. நான் எதுவும் சொல்லக்கூடாது.

கல்லூரியைத் தாண்டி ஒரு திருப்பம், அடுத்து ஒன்று, பிறகு எனக்கே தெரியாத தெரு. அங்கே போனால் முட்டுச்சந்து என்று பின்னாலிருந்து ரெமிஜியுஸ் சொன்னார். நேரே போனால் மார்க்கெட், கூட்டம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் இவர். "வண்டி இன்னைக்கி என் வண்டி."

முட்டுச்சந்தில்தான் போய் முட்டினோம். ஒரு சுவரும் இரண்டு ஆடுகளும். இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி, மறுபடி எங்கெங்கோ தட்டித் தட்டி, கடைசியில் உப்பளத்துக்கு நடுவே போகும் மண் பாதைக்கு வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் பாத்திகள், வெயிலில் கண் கூசியது. வண்டியை நிறுத்தச் சொல்லித் தட்டவில்லை. ஆகவே நான் நிறுத்தவில்லை. இவர் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எலும்பு குத்தியது. பாதை முடியும்வரை ஓட்டினேன்.

திரும்பி வரும் வழியில் போலீஸ்காரர் நிறுத்தினார். பார்த்தார். போகச் சொன்னார். ரெமிஜியுஸ் அவருக்கு சல்யூட் அடித்தார், அது தேவையில்லாத வேலை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கண் மஞ்சளாகிவிட்டது. நாளெல்லாம் தூக்கம். கஞ்சி இறங்கவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைக்கிறோம். ரெமிஜியுஸ் நன்றாகத்தான் வைக்கிறார், ஒரு சொட்டு கூட வழிவதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பனிமய மாதா திருவிழா. வெடிச் சத்தம் இங்கே வரை கேட்டது. ஊரில் இருந்தால் ரெமிஜியுஸ் தவறவிட்டதே இல்லையாம். போய் வாருங்கள் என்றேன். தலைமாட்டில் இருந்த படத்தைக் காட்டி, "இங்க இருக்காவள்லா" என்றார். போன மாதம் நான் எடுத்தது. திரும்ப யார் வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஸ்டெல்லாவைப் பற்றி இன்று சொன்னேன். கடைசியில் பெரிய கஷ்டம் இல்லை, என் கையைப் பிடித்திருந்தாள், தோணி எப்போது வரும் என்று கேட்டாள் என்று சொன்னேன். அவர் கொல்லைப்புறம் போய் நெடுநேரம் நின்றார். பிறகு வந்து, டீயில் சீனி போதாது என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று அடக்கம் முடிந்தது. எழுத வேண்டியது வெள்ளிக்கிழமையைப் பற்றி.

காலையில் மரகதம் வந்து நாடியைப் பார்த்தாள். இன்றைக்குள் முடிந்துவிடும் என்றாள். இனிமேல் கண் தெரியாது, காதுதான் கடைசி வரை கேட்கும், பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேசச் சொன்னால் என்ன பேசுவது? சங்கீதம் வாசித்தேன். ரெமிஜியுஸ் ஜெபமாலை சொன்னார். இவருடைய முகம் சுருங்கியே இருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மதியம் தாண்டியது. ஜன்னல் திரை படபடவென்று அடித்தது. தூசி வருகிறது, சாத்தட்டுமா என்று ரெமிஜியுஸ் கேட்டார்.

"கெடக்கட்டும்" என்றேன். "கெழக்க இருந்து வார காத்து. கொண்டல். குளுமையா இருக்கும்."

ரெமிஜியுஸ் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கடலில் காற்றைப் பார்த்தவர். எனக்கு வடக்கு தெற்கே சரியாகத் தெரியாது.

"ஆடி மாசத்துல கொண்டலா? மேக்க இருந்து புழுதிய வாரிக்கிட்டு வருது. இது கச்சான் மதினி."

"எங்க வீட்டு ஜன்னல். எனக்குத் தெரியாதா? கொண்டல்தான்."

"ஜன்னல் உங்களோடது. காத்து உங்களோடது இல்ல."

இப்படியே போனது. நான் அவரிடம், தோணியை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன், அவர் என்னிடம், பிள்ளைகளுக்கு எந்தத் திசையில் ஓடக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். குரல் உயர்ந்தது. டெய்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இவருடைய நெற்றியில் சுருக்கம் தளர்ந்தது. உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டது. சிரிப்பு என்று நான் சொல்கிறேன். நரம்பு இழுப்பாக இருக்கும் என்கிறாள் மரகதம். அவள் அப்போது அங்கே இல்லை.

என் கை இவருடைய நெஞ்சின் மேல் இருந்தது. ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். கைக்கு அடியில் எதுவும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ரெமிஜியுஸின் கை இவருடைய மணிக்கட்டில் இருந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் நனைந்திருந்தது.

யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். காது இன்னும் கேட்குமோ என்னவோ.

"கச்சான்" என்றார் ரெமிஜியுஸ்.

"கொண்டல்" என்றேன்.